மாமியார் கண்ட மீன் கனவு

தீர்க்கதரிசி எசேக்கியேல் ஒலாதிபோவுக்குக் கனவு வருவதில்லை. ஒசோக்போ நகரத்தில் இது அவர் மனைவி அபெனி ஒருத்திக்கு மட்டும் தெரிந்த சங்கதி. மனிதர் தலையணையில் தலை வைத்தால் மரக்கட்டைதான். எந்தத் தேவதூதனாவது சேதி கொண்டுவந்தாலும் அவர் விடும் குறட்டையைக் கேட்டு வாசலோடு திரும்பிப் போக வேண்டியதுதான். காலையில் எழுந்ததும் "பசிக்குது" என்பார். அப்படிப்பட்டவர்தான் ஊரார் காணும் கனவுகளுக்கெல்லாம் அர்த்தம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்கு முன்பு இபாதான் போகும் சாலையோரம் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் லாரிக்காரன் ஒருவன், செத்துப்போன மாமனார் வண்டிக்கு முன்னால் நின்று கையை நீட்டி மறிப்பதாகக் கனவு கண்டேன் என்று பேச்சுவாக்கில் சொன்னான். இவருக்கு அன்று கைநிறைய வேலை. அவன் டயரை இன்னும் கழற்றக்கூட இல்லை. "அப்படின்னா இன்னைக்குப் போகாதே" என்றார். அவனோடு கிளம்ப வேண்டிய இன்னொரு லாரி அன்று கவிழ்ந்தது. அந்தச் சாலையில் லாரி கவிழாமல் ஊர் போய்ச் சேர்ந்தால்தான் அதிசயம். ஆனாலும் லாரிக்காரன் ஓர் ஆட்டைப் பிடித்துக்கொண்டு வந்து காலில் விழுந்தான். அன்றோடு பஞ்சர் கடை போயிற்று. வெள்ளை அங்கி வந்தது, தகரக் கூரை போட்ட ஜெபவீடு வந்தது, ஒலிபெருக்கி வந்தது, 'பாபா' என்ற பட்டமும் கூடவே வந்தது.

அபெனி இதையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டே குழம்பு கிண்டினாள். ஜெபவீட்டுக்கும் அவள் அடுப்படிக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். யார் என்ன கனவு கொண்டுவந்தாலும் காதில் விழும். பாபாவிடம் இருந்த சரக்கு முழுவதும் அவளுக்கு மனப்பாடம். பல் விழுந்ததா, வீட்டில் சாவு. துணியில்லாமல் நின்றீர்களா, அவமானம் வருகிறது. பள்ளிக்கூடத்துப் பழைய பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் உங்களை யாரோ பின்னுக்கு இழுக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, சாப்பிடுகிற கனவு. கனவில் ஒரு வாய் வைத்துவிட்டால் போதும், படித்தவன் படிக்காதவன் எல்லாரும் விடிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிவருவார்கள். ஊட்டியது சூனியக்காரி, உள்ளே போனது விஷம் என்று அவர்களே அழுவார்கள். பாபா தலையை மட்டும் ஆட்டினால் போதும். கோட்டு சூட்டுப் போட்ட வங்கி மேலாளர் ஒருவர் கனவில் அவித்த முட்டை தின்றுவிட்டு, அதற்காக உபவாசம் இருந்து, பேன்ட் இடுப்பில் நிற்காமல் கையால் பிடித்துக்கொண்டு நடந்தார்.

"பசியோட படுத்திருப்பான் மனுஷன். முட்டை வராம பின்ன என்ன வரும்?" என்று அபெனி கேட்பாள்.

"உனக்கு விசுவாசம் பத்தாது."

"உங்களுக்கு மட்டும் வழியுதாக்கும்."

அவர் தட்டை இழுத்துக்கொள்வார். சாப்பிடுவார். நன்றாகவே சாப்பிடுவார்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் கெட்டிக்காரர். நல்ல அர்த்தம் சொன்னால் வந்தவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள், அப்புறம் எட்டிக்கூடப் பார்க்கமாட்டார்கள். கெட்ட அர்த்தம் சொன்னால் திரும்பத் திரும்ப வருவார்கள். மெழுகுவர்த்தி, எண்ணெய், உபவாசம், ஆற்றங்கரைக் குளியல் என்று ஒரு மாதத்துக்கு வேலை இருக்கும். அதனால் அந்த ஜெபவீட்டில் நல்ல கனவு கண்டவர் என்று ஒருவரும் கிடையாது.

மகள் இபுகுனுக்குக் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்த சமயம் அது. அவள் மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். பையன் அகின்லாபி இலேஷா ஊர்க்காரன், கணக்கு வாத்தியார். தலைவலி மாத்திரை வாங்க வந்தவன், தலைவலி போன பிறகும் வந்துகொண்டிருந்தான். இபுகுனுக்கு முப்பது தாண்டிவிட்டது. தெருவில் வாயுள்ளவர்கள் எல்லாரும் பேசிப் பேசி ஓய்ந்திருந்தார்கள். இந்தக் கல்யாணம் நடந்துவிட்டால் போதும், வேறு எதுவுமே வேண்டாம் என்றிருந்தது அபெனிக்கு. மகள் கண்ணாடி முன்னால் நின்று தலைத்துணியை விதவிதமாகக் கட்டிப் பார்ப்பதைக் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டு நிற்பாள். அப்போது அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோகும்.

அந்த நாட்களில் ஒரு காலையில் மஞ்சள் தலைத்துணி கட்டிய ஒருத்தி பாபாவைத் தேடி வந்தாள். எந்த ஊர், யார் வீடு என்று சொல்லவில்லை. சொல்லவும்மாட்டார்கள். கல்யாண விஷயத்தில் கண்ட கனவை யாரும் தங்கள் ஜெபவீட்டிலேயே போய்க் கேட்பதில்லை. அங்கே இருப்பவருக்கு நம் குடும்பம் தெரியும், தெரிந்தால் முகத்துக்காகப் பேசுவார். முன்பின் தெரியாத ஒருவரிடம், மூன்றாம் மனுஷியை அனுப்பி, பேர் எதுவும் சொல்லாமல் கேட்டால்தான் கடவுள் சுத்தமாகப் பேசுவாராம். பாபாவும் பேர் கேட்கமாட்டார். கேட்டால், 'தீர்க்கதரிசிக்கு இதுகூடத் தெரியாதா' என்று ஆகிவிடும்.

முறை வருவதற்குள் அந்தப் பெண் பக்கத்தில் இருந்தவளிடம் வளவளவென்று பேசிக்கொண்டிருந்தாள். "அதை ஏன் கேக்கறீங்க, கல்யாண விருந்துக்குக் கெளுத்தி மீனா மாட்டுக்கறியான்னு அந்த வீட்ல ஒரு வாரமா அடிதடி. என் சிநேகிதிக்கு மீன்தான் வேணுமாம். கொழுந்தன் கறின்னு நிக்கறான்." பலகைக்கு இந்தப் பக்கம் அபெனிக்கு எல்லாம் கேட்டது.

பிறகு பாபாவின் முன் மண்டியிட்டு ஆரம்பித்தாள்.

"கனவு என்னோடது இல்ல பாபா. ஒருத்தி மகனுக்குக் கல்யாணம் வெச்சிருக்கா, அவ கண்டது. பொண்ணு ஆத்தங்கரையில உக்காந்து ஒரு தட்டுல சுட்ட மீனை நீட்டுதாம். பையன் முள்ளைக்கூட எடுக்காம தின்னானாம். இவ 'வேணாம்டா வேணாம்டா'ன்னு கத்தறா, சத்தமே வரலையாம்."

பாபா கண்ணை மூடினார். நாற்காலி முனகியது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஒலிபெருக்கி இல்லாவிட்டாலும் இருப்பது போன்ற குரலில் பேசினார்.

"மீனுன்னா தண்ணி. அந்தப் பொண்ணு மனுஷப் பொண்ணு இல்ல. தண்ணிக்கு அடியில அவளுக்குப் புருஷன் இருக்கான். அவ கையால சாப்பிட்டா பையன் வருஷம் திரும்பறதுக்குள்ள போயிடுவான்."

"ஐயோ!"

"கேளு. இதை மாத்தி அர்த்தம் சொல்ல எவன் வந்தாலும் அவன் பொய்யன். எவ்வளவு பெரிய அங்கி போட்டிருந்தாலும் பொய்யன். போய்ச் சொல்லு."

இந்தக் கடைசி வரியை அவர் எல்லாரிடமும் சொல்வார். வந்தவர்கள் அடுத்த தெருத் தீர்க்கதரிசியிடம் போய் இன்னொரு அர்த்தம் கேட்டுவிடாமல் இருக்கப் போடும் பூட்டு அது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அபெனிக்குச் சிரிப்பு வந்தது. மீனுக்காகச் சண்டை போட்ட பொம்பளைக்குக் கனவில் மீன் வந்திருக்கிறது, இதற்குத் தண்ணீருக்கு அடியில் ஒரு புருஷனா! பாவம், எந்த வீட்டுப் பெண்ணோ என்று ஒரு நொடி தோன்றியது. அதற்குள் எண்ணெய் காய்ந்துவிட்டது. வெங்காயத்தைப் போட்டாள், மறந்தும்போனாள்.

அடுத்த சனிக்கிழமை அகின்லாபியும் அவன் அம்மா மொஜிசோலாவும் வீட்டுக்கு வந்தார்கள். ஜெபவீட்டுக்கு வாசல் பெரிய தெருவில், வீட்டுக்கு வாசல் பின்தெருவில். மொஜிசோலா உட்கார்ந்த விதமே சரியில்லை, நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். பையன் தரையைப் பார்த்தான். கூட வந்த சிநேகிதி வாசலில் ஆட்டோக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"இபுகுன் அம்மா, மனசுல வெச்சுக்காதீங்க," என்றாள் மொஜிசோலா. "இந்தக் கல்யாணம் வேணாம். ஒரு தீர்க்கதரிசி வேணாம்னு சொல்லிட்டார்."

அபெனி பேசுவதற்குள் பாபா குதித்து எழுந்தார். "யாரு? யாரு அந்தப் புளுகன்? இந்த ஊர்ல பாதிப் பேர் வேலைவெட்டி கிடைக்காம அங்கி மாட்டினவனுங்கம்மா! உங்களை ஏமாத்தியிருக்கான்."

"அப்படிச் சொல்லாதீங்க. எங்களை யாருன்னே தெரியாதவர். நான் நேர்ல போகவும் இல்ல, யாருன்னு கேக்கவும் இல்ல. கனவை மட்டும் சொல்லி அனுப்பினேன்."

"என்ன பெரிய கனவு?"

"உங்க பொண்ணு ஆத்தங்கரையில உக்காந்து என் மகனுக்குச் சுட்ட மீன் குடுத்தா."

அபெனிக்குப் பலகை வழியாகக் கேட்ட மீன் கனவு ஞாபகம் வந்தது. கணவனைப் பார்த்தாள். அவர் பேயறைந்தவர் போல நின்றார். அந்த நேரம் பார்த்து ஆட்டோச் சண்டையை ஜெயித்துவிட்டு மஞ்சள் தலைத்துணி உள்ளே வந்தது. ரொன்கே என்பது அவள் பேர். பாபாவைப் பார்த்ததும் அப்படியே மண்டியிட்டாள்.

"பாபா! நீங்களா! மொஜி, இவருதான்டி! நான் சொன்னேனே, இவரேதான்!"

அடுப்படி வாசலில் இபுகுன் வந்து நின்றிருந்தாள். எவ்வளவு கேட்டாளோ தெரியாது, முகம் வெளுத்திருந்தது.

பாபா சமாளிக்கப் பார்த்தார். கனவில் மீன் சுட்டதா, பச்சையா என்று கேட்டார். சுட்டதென்றால் அர்த்தம் வேறு, பச்சை மீனுக்குத்தான் அப்படி என்றார். உபவாசம் இருந்தால் கனவின் பலன் மாறிவிடும் என்றார். மொஜிசோலா பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"இதை மாத்திச் சொல்ல எவன் வந்தாலும் பொய்யன்னு நீங்கதானே சொன்னீங்க. ரொன்கே, சொன்னாரா இல்லையா?"

"சொன்னார். எவ்வளவு பெரிய அங்கி போட்டிருந்தாலும்னு சொன்னார்."

அபெனிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "இபுகுன் அப்பா, உண்மையைச் சொல்லுங்க," என்றாள். "உங்க கௌரவம் நாசமாப் போகட்டும். பொண்ணைப் பாருங்க. சொல்லுங்க."

அவர் மகளைப் பார்த்தார். பிறகு எசேக்கியேல் ஒலாதிபோ, அத்தனை பேரும் மண்டியிடும் பாபா, முகம் தரையில் படக் குப்புற விழுந்தார். மாப்பிள்ளையும் அவன் தோழர்களும்தான் பெண்வீட்டார் முன்னால் அப்படி விழ வேண்டும். பெண்ணைப் பெற்றவன் விழுந்து யாரும் கண்டதில்லை. அகின்லாபி பதறி எழுந்தே விட்டான்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா," என்று தரையைப் பார்த்தபடி சொன்னார். "ஒரு கனவும் வர்றதில்ல, ஒரு குரலும் கேக்கறதில்ல. மீன் வந்தா தண்ணி, தண்ணி வந்தா பேய், இப்படித்தான் எல்லாருக்கும் வாயில வந்ததைச் சொல்றேன். நான் பஞ்சர் ஒட்டறவன்மா. என் பொண்ணு நல்ல பொண்ணு."

தன் கணவன் மேல் அபெனிக்கு முப்பது வருஷத்துக்கு மேலாக வராத மரியாதை அந்த ஒரு நிமிஷம் வந்தது. ஆனால் மொஜிசோலாவின் கண்ணில் கண்ணீர் தளும்பியது. குனிந்து அவர் தோளைத் தொட்டாள்.

"எழுந்திருங்க பாபா. பெத்த பாசம் பேசுது, எனக்குப் புரியாதா? எந்த அப்பனும் இதைத்தான் சொல்வான். ஆனா அன்னைக்குப் பொண்ணு யாருன்னு உங்களுக்குத் தெரியாது. அதனாலதான் ஆண்டவர் உங்க வாயால பேசினார். இன்னைக்கு நீங்க பேசறீங்க."

"அம்மா, நான் புளுகன்மா!"

"எவ்வளவு தாழ்மை பாரு," என்றாள் ரொன்கே, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

முட்டாள்தனத்துக்குக்கூட ஒரு அளவு இருக்கும் என்று அபெனி அதுவரை நம்பியிருந்தாள். மீன் வாங்குவதா கறி வாங்குவதா என்ற சண்டையில் வந்த கனவு இது என்று கத்திப் பார்த்தாள். "அப்படியே இருக்கட்டும்மா, என் மகன் உயிரோட இருக்கட்டும்" என்றாள் மொஜிசோலா.

இபுகுன் அகின்லாபியின் முன்னால் போய் நின்றாள். "நீ கணக்கு வாத்தியார்தானே? நீ என்ன சொல்றே?"

அவன் அம்மாவைப் பார்த்தான், ரொன்கேயைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான். "எனக்கு இதுல நம்பிக்கை இல்ல இபுகுன்," என்றான். "ஆனா அம்மா நிம்மதியா இருக்கமாட்டாங்களே."

"சரி, உங்கம்மாவையே கட்டிக்கிட்டு அழு," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்தும்வரை அழவில்லை. சாத்திய பிறகு அழுதது தெருமுனைவரை கேட்டது.

அந்த வாரம் பாபா ஜெபவீட்டைத் திறக்கவில்லை. சரியாகச் சாப்பிடவும் இல்லை. "நான்தான் கெடுத்தேன்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். இபாதான் சாலையில் பழைய இடம் காலியாக இருக்கிறதா என்று ஒருவனை விசாரித்தார். அபெனி அவரைத் திட்டுவதை நிறுத்தினாள். இவ்வளவு நாள் பலகைக்கு இந்தப் பக்கம் நின்று சிரித்தோமே, அங்கே ஒவ்வொரு கனவுக்கும் எங்கோ ஒரு பெண்ணோ மருமகளோ வேலைக்காரியோ அடிவாங்கியிருப்பாளே என்று தன்னையும் நொந்துகொண்டாள்.

ரொன்கே சும்மா இருப்பாளா? இலேஷா சந்தையில் ஆரம்பித்தாள். பஸ் நிலையத்தில் சொன்னாள், துணிக்கடையில் சொன்னாள், கைப்பேசியில் குரல் பதிவாகவும் அனுப்பினாள். சொந்த மகள் என்றும் பாராமல் உண்மையைச் சொன்ன தீர்க்கதரிசி! மனுஷனாக விழுந்து கெஞ்சினார், ஆனால் கடவுள் சொன்னதைக் கடவுளே காப்பாற்றினார்! சேதி ஊர் ஊராகப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பெரிய தெரு அடைத்துக்கொண்டது. இபாதானிலிருந்து கார்கள், இலோரினிலிருந்து வாடகை வேன்கள். கழற்றிப் போட்ட செருப்புகள் ஜெபவீட்டு வாசலைத் தாண்டித் தெருவில் கிடந்தன. பாபா ஜன்னல் வழியாகப் பார்த்தார். கூனிப் போயிருந்த முதுகு கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்வதை அபெனி பார்த்தாள். அங்கியைக் கேட்டார். அவள் கொடுக்கவில்லை. அவரே தேடி எடுத்து மாட்டிக்கொண்டார்.

"இவ்வளவு பேர் சும்மாவா வர்றாங்க?" என்று மட்டும் கேட்டார்.

அபெனி பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஆபிரகாமிடம் ஆண்டவர் மகனைப் பலியாகக் கேட்டார், என்னிடம் மகளைக் கேட்டார் என்று ஒலிபெருக்கி முழங்கியது. ஜனங்கள் ஓவென்று அழுதார்கள். பஞ்சர் ஒட்டுகிறவன் என்று தரையில் கிடந்து சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிறகு வரிசையாகக் கனவுகள் வந்தன, வரிசையாகச் சூனியக்காரிகள் பிறந்தார்கள். யாரோ ஒருவரின் தம்பி மனைவி, யாரோ ஒருவரின் சித்தி.

மத்தியானம் பாபா திரும்பிவந்தபோது முகம் பளபளவென்று இருந்தது. அந்த ஒரு வாரப் பட்டினிக்கும் சேர்த்துப் பசி. மேசையில் இடித்த வள்ளிக்கிழங்கும் கீரைக் குழம்பும் தயாராக இருந்தன. இபுகுன் அவளாகவே எழுந்து, முகம் கழுவி, சமைத்திருந்தாள். அப்பா பட்டினி கிடக்கிறாரே என்று சமைத்தாள். அவள் மண்டியிட்டுத் தட்டை நீட்டினாள்.

பாபா கையைக் கழுவினார். கிழங்கில் கை வைக்கப் போனவர் நிறுத்தினார். மகளைப் பார்க்காமல் மனைவியைப் பார்த்துக் கேட்டார்:

"இன்னைக்கு யாரு சமைச்சது?"

கல்யாணமான நாளிலிருந்து இந்தக் கேள்வியை அவர் கேட்டதில்லை. யார் சமைத்தால் என்ன, வயிறு நிறைந்தால் போதும் என்பவர். அபெனிக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் உடம்பெல்லாம் எரிந்தது. கை இன்னும் தட்டுக்கு மேலே நின்றது. நடிப்பு இல்லை. மனிதர் நிஜமாகவே பயப்பட்டார். வாயில் வந்த புளுகு ஊரெல்லாம் சுற்றிவிட்டு வந்து, இப்போது அவரையே பிடித்துக்கொண்டிருந்தது. இபுகுன் மண்டியிட்ட இடத்திலிருந்து நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். அகின்லாபி வாசலைப் பார்த்தபோதுகூட அவள் முகம் இப்படி ஆகவில்லை.

"அப்பா?" என்றாள்.

அவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினார்.

அபெனி வந்தாள். அவர் முன்னால் இருந்த தட்டை எடுத்தாள். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அவரை 'நீ' என்று சொன்னதில்லை.

"உனக்குப் பசிச்சா போய்ப் படு," என்றாள். "கனவுல எவளாவது வந்து ஊட்டுவா."

மகளைக் கைபிடித்து எழுப்பி அடுப்படிக்குக் கூட்டிப்போனாள். இலோரினில் இருக்கும் தங்கை வீட்டுக்கு நாளைக்குக் கிளம்பலாம், அங்கேயும் மருந்துக்கடை இருக்கிறது என்றாள். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிட ஆரம்பித்தார்கள்.